இருபத்து மூன்று மார்க் வாங்கிய நாள்

நான் வாழ்ந்த ஒவ்வொரு நாளுக்கும் மார்க் போடும் இயந்திரம் ஒன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து வைத்தவனும் நான்தான்.

சுரங்கத்து டைம் ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். யார் எந்த ஷிஃப்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார், யார் வரவில்லை என்று எழுதுவது என் பிழைப்பு. எழுதி எழுதிப் பழகிய கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதியிருக்கிறேன். முதல் வரி தேதி, கிழமை. இரண்டாவது வரி வானிலை. மூன்றாவது வரி என் ஷிஃப்ட். அதன் பிறகு ஊர் நடப்பு, வந்தவர் போனவர். கடைசியில் அன்று படித்த புத்தகம். புத்தகம் நன்றாக இருந்துவிட்டால் மற்றதெல்லாம் சுருங்கிவிடும்.

ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் கட்டிய வீட்டுக்கு வந்தோம். டைரிகள் இரண்டு இரும்புப் பெட்டிகளில் வந்தன. அவற்றைக் கரையான் தின்பதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று உட்கார்ந்தேன். மூன்று வருடம் தட்டினேன். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் ஒரு டேட்டாபேஸ் போட்டுக் கொடுத்தாள். ஒரு நாளுக்கு ஓர் ஆவணம். ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடினால் அந்தச் சொல் வருகிற நாட்களெல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண் இருக்கும். நாம் கேட்டதற்கு மிகவும் பொருந்துகிற நாளுக்கு நூறு, மற்ற நாட்களுக்கு அதற்குக் கீழே. மகள் அதை ஸ்கோர் என்றாள். என் மனைவி மார்க் என்றாள். வீட்டில் நிலைத்தது மனைவியின் சொல்தான்.

முதல் நாள் சோதனைக்குப் 'பலாப்பழம்' என்று தேடினேன். நூறு மார்க் வாங்கிய நாளில் "பலாப்பழம் வந்தது" என்று ஒரே ஒரு வரி இருந்தது. யார் கொடுத்தார்கள், இனித்ததா என்பதற்குக்கூட ஒரு சொல் இல்லை. தெருவே கூடி உட்கார்ந்து ஒரு ராட்சதப் பழத்தை அறுத்துத் தின்றதை நான் ஒரு பக்கத்துக்கு வர்ணித்திருந்த நாள், நாற்பது மார்க்குடன் எங்கேயோ கீழே கிடந்தது.

மகளுக்குப் போன் போட்டேன். "இது என்னம்மா நியாயம்?"

"அப்பா, ரெண்டு வரிக் குறிப்புல ஒரு சொல் வந்தா, அந்தக் குறிப்பே அதைப் பத்தினதுதான்னு அது நினைச்சுக்கும். ரெண்டு பக்கத்துக்கு நடுவுல வந்தா கூட்டத்தோட கூட்டம். அப்புறம், தினம் தினம் எழுதற சொல்லுக்கு மதிப்பு கம்மி. எப்பவோ ஒரு தடவை எழுதற சொல்லுக்கு மதிப்பு ஜாஸ்தி."

"அப்ப நான் தினம் எழுதற மழைக்கும் வெயிலுக்கும்?"

"ஒண்ணுமே கிடைக்காது."

மார்க்கை வைத்துத் தேடலைச் செதுக்கலாம் என்றும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். தேதி, கிழமை, வானிலை, வீடு, மற்றவை என்று தனித்தனிக் கட்டம் வைத்திருந்தோம். ஒரு கட்டத்தில் கிடைத்தால் மூன்று மடங்கு மார்க் போடு என்று சொல்லலாம். இத்தனை மார்க்குக்குக் கீழே இருப்பதைக் காட்டாதே என்றும் சொல்லலாம். குப்பை வராமல் இருக்க நான் அறுபது என்று வைத்தேன்.

"முப்பத்தஞ்சுதானங்க பாஸ் மார்க்?" என்றாள் மனைவி.

"எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் மட்டும் போதும்."

"நீங்க எத்தனை வாங்கினீங்கன்னு உங்க அம்மா என்கிட்ட சொல்லியிருக்காங்க."

அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

'வீடு' என்ற கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் டைரியில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் டைரியை டைம் ஆபீஸ் மேஜையில் மறந்துவிட்டுப் போனேன். அதை ஒரு நண்பர் படித்து, தன்னைப் பற்றிய ஒரு வரிக்காக ஒரு மாதம் பேசாமல் இருந்தார். அன்றிலிருந்து வீட்டு எண்தான். டவுன்ஷிப்பில் இது பெரிய விஷயமும் இல்லை. தென்காசிக்காரரும் ஈரோட்டுக்காரரும் பண்ருட்டிக்காரரும் ஒரே வரிசையில் குடியிருக்கிற ஊரில், "பதினாறாம் பிளாக் நூற்றுப் பதினாலு" என்றால் ஆள் யார், என்ன வேலை, எத்தனை பிள்ளை, எந்த ஷிஃப்ட் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பெயர் சொன்னால்தான் "எந்த பிளாக்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் லேசான மேகமூட்டம். பத்து மணி இருக்கும். இரண்டு தெரு தள்ளியிருக்கிற என் மனைவியின் சிநேகிதி வந்தார். முன்பு டவுன்ஷிப்பில் எங்கள் எதிர் வீட்டில் குடியிருந்தவர். பிறந்த ஊர் காடாம்புலியூர். அவர் கணவரும் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆளாக இருந்து ரிடையர் ஆனவர். எப்போதும் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிடுகிறவர் அன்று உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் பேசவில்லை.

"என்னடி, உம்முன்னு இருக்க?" என்றாள் மனைவி.

"பித்தப்பையில கல்லுன்னு சொன்னேன் இல்லக்கா. வியாழக்கெழம ஆபரேசன். நாளைக்கு சாயங்காலமே வந்து படுக்கச் சொல்லிட்டாங்க."

"அதான் தெரியுமே. நல்லபடியா முடியும்."

"அது இல்லக்கா. மயக்க மருந்து குடுக்கிற டாக்டரு, ஏதாவது ஊசி ஒத்துக்காம போயிருக்கான்னு கேட்டாரு. ஆமாங்க, ஒரு தபா மொகமெல்லாம் வீங்கி மூச்சே நின்னுடும்போல ஆயிட்டுதுன்னு சொன்னேன். இன்னா ஊசின்னாரு. எனக்கு எப்டிக்கா தெரியும்? அந்தச் சீட்டு, வூடு மாத்தி வூடு மாத்தி எங்க போச்சோ. பேரு தெரியாம இருட்டுல ஊசி போடச் சொல்றியாம்மான்னு கோச்சிக்கினு, நாளைக்குள்ள எப்டியாவது கேட்டுக்கினு வாங்கன்றாரு." என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்கதான் அன்னைக்கி ஸ்கூட்டர்ல இட்டுக்கினு போனீங்க. நீங்க எய்தி வெச்சிருப்பீங்க இல்ல?"

எழுதாமல் இருப்பேனா? கம்ப்யூட்டரைத் திறந்தபோது எனக்குள் கொஞ்சம் கர்வம் எழுந்ததை மறைக்க முடியாது. மூன்று வருடம் தட்டியதற்கு ஒரு மனிதர் நேரில் வந்து பயன் கேட்கிறார்.

'ஊசி' என்று தேடினேன். எங்கள் மகளின் தடுப்பூசிகள், தெரு நாய் கடித்த கதைகள், யார் யாருக்கோ காய்ச்சல் என்று குவிந்தது.

"நல்ல மழைங்க அன்னைக்கு" என்றாள் மனைவி.

"மழைக்கு மார்க் கிடையாது" என்றேன்.

'ஊசி'யோடு 'முகம்', 'வீக்கம்' சேர்த்தேன். வீட்டுக் கட்டத்தில், அவர்கள் எங்கள் எதிரே குடியிருந்த பதினாறாம் பிளாக், 114 என்று போட்டு, அதற்கு மூன்று மடங்கு மார்க் கொடு என்றேன். கண் இமைப்பதற்குள் ஒரு நாள் மேலே வந்து நின்றது. நூறு மார்க். இரண்டே வரி: "114-இல் அம்மாவுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாமல் முகம் வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்."

"பென்சிலின்!" என்று நானே கூவிவிட்டேன்.

சிநேகிதிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருக்கா, நம்மளப் போயி ஒரு மனுசன் எய்தி வெச்சிக்கினு இருக்காரு பாரு" என்றபடி போனில் திரையைப் படம் எடுத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நம்பருக்கு அனுப்பினார். மனைவி காபி போட்டாள். இரண்டாவது டம்ளர் எனக்குக் கேட்காமலே வந்தது. அது எங்கள் வீட்டில் அரிய மரியாதை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கம்ப்யூட்டரை அணைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எதைப் படித்தாலும் தேதியையும் கிழமையையும் பார்த்துத்தான் மூடுவேன். டைம் ஆபீஸ் புத்தி. அந்த நூறு மார்க் நாளின் தேதியைப் பார்த்தேன். மாசி மாதம். வானிலை வரியில், "காலையில் பனி, பகலில் நல்ல வெயில்."

மனைவி மழை என்றாளே?

மழைக்கு மார்க் கிடையாது என்று நான் வாயை அடைத்த மழை. மறுபடி குறிப்பைப் படித்தேன். "சேர்த்திருக்கிறார்கள்." நான் கூட்டிக்கொண்டு போயிருந்தால் 'சேர்த்தேன்' என்றல்லவா எழுதியிருப்பேன்? சிநேகிதியின் கணவருக்குப் பிரமோஷன் வந்து, அவர்கள் பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறி, அங்கே பால் காய்ச்சிய நாள் டைரியில் இருக்கும். தேடினேன். இருந்தது. ஆவணி மாதம். மாசிக்கு ஆறு மாதம் முன்பு.

அதாவது, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் சிநேகிதியே இல்லை. அவர்கள் காலி செய்த 114-க்கு அடுத்துக் குடிவந்த வீட்டு அம்மா. டவுன்ஷிப்பில் எண் வீட்டுக்குச் சொந்தம். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இதை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அப்படியிருந்தும் எண்ணை நம்பி, அதற்கு மூன்று மடங்கு மார்க்கும் போட்டு, வேறொருவர் உடம்பின் குணத்தை இவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினாள்.

"நூறு மார்க்னீங்க?"

"வீட்டுக்கு நூறு மார்க். ஆளுக்கு சைபர்."

"முதல்ல அவளுக்குப் போன் போடுங்க. வசனம் அப்புறம்."

சிநேகிதி உடனே எடுத்தார். "அனுப்பிட்டனேண்ணா. அந்த நர்சு பொண்ணு கட்டைவெரலு கூட போட்டுச்சே."

"அது தப்பும்மா. அது நீங்க இல்ல, உங்களுக்கு அப்புறம் வந்தவங்க. நர்ஸுகிட்ட நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. நாளைக்குள்ள சரியானதைக் கண்டுபிடிச்சுத் தர்றேன்."

"தேடுங்கண்ணா. எனக்கு உங்க ரெண்டு பேர வுட்டா வேற சாட்சி யாரு இருக்காங்க? அவரு அன்னைக்கி மைன்ஸ்ல இருந்தாரு" என்றார். குரலில் குறை ஏதும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுபடி உட்கார்ந்தேன். அவர்கள் 114-இல் இருந்த காலத்துக் குறிப்புகளை மட்டும் தனியாக எடுத்து, 114 என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட! ஏழு வருடம் எதிரெதிரே குடியிருந்தோம். குழம்பும் பொரியலும் தெருவைக் குறுக்கே கடந்து போய் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நாலைந்து நாட்களைத் திறந்து படித்த பிறகுதான் புரிந்தது. அவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'எதிர் வீடு' என்றுதான் எழுதியிருக்கிறேன். எண் போட்டதே இல்லை. அடுத்து வந்தவர்களும் அதே எதிர் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களை 'எதிர் வீடு' என்று எழுத என் கை ஒப்பவில்லை போலிருக்கிறது. அவர்கள் கடைசி வரை 114-ஆகவே இருந்திருக்கிறார்கள். இப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தது எனக்கே அன்றுதான் தெரியும்.

'எதிர் வீடு, ஊசி' என்று தேடினேன். எதிர் வீட்டுக் குழந்தைக்குப் போட்ட தடுப்பூசி நூறு மார்க்குடன் வந்து நின்றது. அடுத்தது எதிர் வீட்டுக்காரர் காலில் ஆணி குத்தி ஊசி போட்டுக்கொண்டது. அறுபதுக்கு மேல் மொத்தம் ஐந்து நாள். ஐந்திலும் சிநேகிதி இல்லை. 'எதிர் வீடு' தினமும் எழுதிய சொல். மழையைப் போல அதற்கும் மதிப்பு போய்விட்டது.

சாயங்கால ஷிஃப்ட் பஸ் போகிற சத்தம் கேட்டது. மனைவி பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் அவளைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காந்தேன். மூணு பேரு ஒரு ஸ்கூட்டர்ல. ஆர்ச் கேட் பக்கம் பள்ளத்துல தண்ணி. என் ஒத்தைச் செருப்பு கழண்டு போச்சு. நிறுத்துங்கன்னேன், நீங்க நிறுத்தல."

"நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"நான் இப்ப சண்டைக்கா சொல்றேன்? செருப்பைப் பத்தி எழுதினீங்களான்னு கேக்கறேன்."

நான் அவளைப் பார்த்தேன். செருப்பு! என் டைரியில் செருப்பைப் பற்றி எத்தனை நாள் எழுதியிருப்பேன்? 'செருப்பு' என்று அந்த ஒரே சொல்லைத் தட்டினேன். நூறு மார்க் நாள் ஒன்று வந்தது. தேதி, கிழமை, வானிலை, ஷிஃப்ட். அதன் கீழே, "நேற்று ஒற்றைச் செருப்பு தொலைந்ததால் மனைவிக்குப் புதுச் செருப்பு வாங்கினேன். பச்சை நிறம் பிடிக்கவில்லையாம்." வேறு எதுவும் இல்லை.

"நேற்று!" என்றேன்.

அதன் பிறகு தேடலே தேவைப்படவில்லை. முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். ஒரு தேதி கிடைத்தால் முந்தின தேதிக்குப் போகத் தெரியும். முந்தின நாளைத் திறந்தேன். ஐப்பசி. "விடியற்காலையிலிருந்து விடாத மழை." முதல் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பியிருக்கிறேன். அப்புறம் இரண்டு முழுப் பக்கத்துக்கு, அன்று படித்து முடித்த ஒரு ருஷ்ய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு. அந்தக் கதாநாயகன் கடைசியில் எடுத்த முடிவு சரியா என்று நான் இரண்டு பக்கமாக வாதாடியிருக்கிறேன். அந்த வாதத்தின் நடுவே, பத்தி கூடப் பிரிக்காமல், இப்படி: "எதிர் வீட்டம்மாவுக்கு முதுகு வலிக்கு ஊசி போட்டு, கால் மணி நேரத்தில் முகம் வீங்கி மூச்சுத் திணறல், ஸ்கூட்டரில் மூவராகப் போய்ச் சேர்த்தோம், பிழைத்தார், டைக்ளோஃபெனாக் என்னும் வலி ஊசி, இனி எப்போதும் போடக் கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார், செருப்பு ஒன்று போயிற்று." அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் கதாநாயகன்.

மனைவி முழுவதையும் படித்தாள். முதலில் ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

"பொம்பள ஒருத்தி சாகக் கிடந்திருக்கா. நீங்க ருஷ்யாவுல இருந்திருக்கீங்க."

"எழுதியிருக்கேன் இல்ல?"

"எழுதியிருக்கீங்க. என் செருப்புக்குக் கொடுத்த அதே இடம்."

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அறுபது என்ற வரம்பை எடுத்துவிட்டு, 'எதிர் வீடு, ஊசி' என்று மத்தியானம் தேடியதையே திரும்பத் தேடினேன். கீழே, கீழே, இன்னும் கீழே போனேன். அந்த நாள் இருந்தது. மார்க், இருபத்து மூன்று. அவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஃபர்ஸ்ட் கிளாஸ் மட்டும் போதும் என்று கதவைச் சாத்தி வைத்தவன் நான்.

இந்த முறை படம் எடுத்து அனுப்பும் வேலை வைத்துக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து அந்த வருடத்து டைரியையே எடுத்துக்கொண்டு, இருவரும் சிநேகிதி வீட்டுக்கு நடந்தோம். மாதத்தையும் வானிலையையும் வாக்கியத்தையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, "இது நீங்கதானா?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணா. முதுகு வலிதான். மாவாட்டும்போது புடிச்சிக்கிச்சி. அக்கா செருப்புகூட..." என்று சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். "நானு அப்பறமா ஒரு சோடி வாங்கித் தரேன்னு சொன்னேன் இல்ல? மறந்தே பூட்டேன்."

"நீ உசுரோட வந்தியே, போதும். இவரு பச்சையில ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு பாரு, அதைத்தான் என்னால மறக்க முடியல."

அவர் கணவர் டைரியை வாங்கி, மருந்தின் பெயரை ஒரு சீட்டில் பெரிதாக எழுதிக்கொண்டார். புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு நேரில் போய் டாக்டரிடம் காட்டினார்கள். பென்சிலின் படத்தையும் நர்ஸ் எதிரிலேயே அழித்தார்கள். மத்தியானம் சிநேகிதியே போன் செய்தார். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அந்த டாக்டரு சீட்டைப் பாத்துட்டு நிமிந்து ஒக்காந்துட்டாருக்கா. ஆபரேசன் முடிஞ்சி வலிக்கு நாங்க வழக்கமா போடறதே இந்த ஊசிதாம்மான்றாரு. நேத்து அனுப்பின பேர நம்பிக்கினு இருந்தா, இதத்தான் போட்டிருப்பாங்களாம். இப்ப என் கேஸ் ஷீட்டு மேலயே செவப்பு மையில எய்தியிருக்காங்க. கையிலயும் ஒரு பட்டை கட்டிட்டாங்க." போனை வைக்கும் முன், "அண்ணாகிட்ட சொல்லு. அந்த ருசியாக் கதைய நானு வந்து கேட்டுக்கறேன்னு" என்றார்.

மனைவி கதையைச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது.

வியாழக்கிழமை மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. வலிக்கு வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கண் விழித்ததும் முதலில் காபி கேட்டாராம்.

நாங்கள் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வந்ததும் டைரியை எடுத்தேன். தேதி, கிழமை, வெயில். என் வழக்கப்படி 'எதிர் வீடு' என்று எழுதப் போன கையை நிறுத்தி, சிநேகிதியின் பெயரை எழுதினேன். ஒரு மனிதரின் பெயர் என் டைரிக்குள் வருவது வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த அந்தப் பழைய சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பெயருக்குப் பக்கத்தில், "டைக்ளோஃபெனாக் ஊசி ஆகாது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது" என்று எழுதிப் பேனாவை மூடினேன்.

மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அவ்வளவுதானா? இன்னைக்கு ஒண்ணும் படிக்கலையா?"

"படிச்சேன். நல்ல புத்தகம். அதை நாளைக்கு எழுதிக்கறேன்."

"ஏன்?"

"இந்த நாளுக்கு நூறு மார்க் வரணும்."